ராக் இசைப் பாடல்களில் கனவுருப்புனைவு இலக்கியக் குறிப்புகள்

ராக் இசைப் பாடல்களில் கனவுருப்புனைவு இலக்கியக் குறிப்புகள் என்பது, கனவுருப்புனைவுக் கதைகளில் வரும் மாந்தர், இடங்கள், பொருட்கள், நிகழ்வுகள் ஆகியவற்றை ராக் இசைப் பாடலாசிரியர்கள் தம் பாடல்களில் எடுத்தாள்வதைக் குறிக்கும். 1960களின் பிற்பகுதியிலிருந்து 1980களின் தொடக்கம் வரையிலான காலத்தில் ஐக்கிய இராச்சியம், ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் இசைக்குழுக்களிடையே இவ்வழக்கம் பரவலாகக் காணப்பட்டது. லெட் செப்பெலின், ரஷ், பிளாக் சபாத், ஹாக்விண்ட், ஜெபர்சன் ஏர்பிளேன் ஆகிய குழுக்களின் பாடல்கள் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள் ஆகும்.

இக்குறிப்புகள் சில பாடல்களில் வெளிப்படையாகவும், சிலவற்றில் மறைமுகமாகவும் அமைந்துள்ளன. இல்லாத குறிப்பை இருப்பதாகக் கருதுவதும், இருக்கும் குறிப்பைக் கவனிக்காமல் விடுவதும் பாடலின் பொருளையே மாற்றிவிடக் கூடும். எனவே ஒரு பாடலை எந்தச் சான்றுகளின் அடிப்படையில் ஒரு நூலுடன் தொடர்புபடுத்தலாம் என்பது இத்துறையின் முதன்மையான கேள்வியாக உள்ளது.

பின்னணி

ஆங்கில எழுத்தாளரும் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியருமான ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய 'த ஹாபிட்' 1937 ஆம் ஆண்டிலும், 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாகவும் வெளிவந்தன. 1965 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் ஏஸ் புக்ஸ் நிறுவனம் ஆசிரியரின் ஒப்புதல் பெறாத மலிவுப் பதிப்பொன்றை வெளியிட்டது. அதே ஆண்டில் பாலன்டைன் நிறுவனம் ஆசிரியரின் ஒப்புதல் பெற்ற பதிப்பை வெளியிட்டது. இதனால் எழுந்த சர்ச்சையும், நூலின் குறைந்த விலையும் அதனைக் கல்லூரி மாணவர்களிடையே கொண்டு சேர்த்தன.

அக்காலத்து இளைஞர் பண்பாட்டில் இந்நூலின் தாக்கம் இசைக்கு வெளியிலும் காணப்பட்டது. டோல்கீனின் கற்பனை உலகின் பெயரைத் தாங்கிய 'மிடில் எர்த்' என்னும் இசையரங்கம் 1967 ஆம் ஆண்டில் இலண்டனின் கோவன்ட் கார்டன் பகுதியில் இயங்கியது. 1968 ஆம் ஆண்டில் 'கேண்டால்ப்ஸ் கார்டன்' என்னும் இதழும் அந்நகரில் தொடங்கப்பட்டது. தொழில்மயமாக்கலை வெறுத்து, மரங்களையும் சிற்றூர் வாழ்க்கையையும் போற்றும் கதை என்பதால், அன்றைய ஹிப்பி இயக்கத்தினர் அதனைத் தமக்கு நெருக்கமானதாகக் கருதினர்.

ராக் இசையும் இதே காலத்தில் மாற்றம் கண்டது. மூன்று நிமிடக் காதல் பாடல்களிலிருந்து விலகி, நீண்ட இசைத்தட்டுகளில் கதை சொல்லும் முறை வளர்ந்தது. நீண்ட பாடல்களுக்கு நீண்ட கதைகள் தேவைப்பட்டன. கனவுருப்புனைவு நூல்கள் அத்தேவையை நிறைவு செய்தன எனலாம்.

குறிப்புகளின் வகைகள்

பாடல்களில் காணப்படும் இலக்கியக் குறிப்புகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

1. மறுகூறல்: பாடல் முழுவதும் ஒரு நூலின் கதையையோ, அதன் ஒரு பகுதியையோ கூறுவது.
2. பெயர்க் குறிப்பு: பாடல் வேறொரு பொருளைப் பற்றியதாக இருக்க, நூலின் பெயர்ச்சொற்கள் மட்டும் இடையில் வருவது.
3. தலைப்புக் குறிப்பு: தலைப்பு மட்டும் நூலிலிருந்து எடுக்கப்பட்டு, பாடலின் உள்ளடக்கம் வேறாக இருப்பது.
4. கலப்புக் குறிப்பு: பல நூல்கள், தொன்மங்கள், வரலாற்று நிகழ்வுகள் ஆகியவை ஒரே பாடலில் கலந்து வருவது.

ஒரே இசைக்குழுவின் பாடல்களிலும் இவற்றுள் பல வகைகள் காணப்படுவதுண்டு.

லெட் செப்பெலின்

லெட் செப்பெலின் குழுவின் பாடகரும் பெரும்பாலான பாடல்களை எழுதியவருமான ராபர்ட் பிளான்ட், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்கு அருகிலுள்ள வெஸ்ட் பிராம்விச்சில் 1948 ஆம் ஆண்டில் பிறந்தவர். டோல்கீன் தம் இளமையின் ஒரு பகுதியைக் கழித்த சேர்ஹோல் சிற்றூரும் பர்மிங்காமை அடுத்தே அமைந்திருந்தது. பிளான்ட் தம் வளர்ப்பு நாய்க்கு 'ஸ்ட்ரைடர்' என்று பெயரிட்டிருந்தார். இது 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் அரகோர்ன் என்னும் மாந்தரின் மற்றொரு பெயராகும். 1970 ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரான்-யை-ஆர் ஸ்டாம்ப்' என்னும் பாடல் இந்த நாயைப் பற்றியதாகும். பிளான்ட் டோல்கீனின் நூல்களில் ஆர்வம் கொண்டிருந்தார் என்பதற்கு இது பாடல்களுக்கு வெளியே கிடைக்கும் சான்று ஆகும்.

'ராம்பிள் ஆன்' (1969)

இரண்டாவது இசைத்தட்டில் இடம்பெற்ற இப்பாடல், இலையுதிர் காலத்தில் ஓரிடத்தை விட்டுப் புறப்பட்டு, தன் மனதிற்கினிய பெண்ணைத் தேடி அலையும் ஒருவனின் கூற்றாக அமைந்துள்ளது. பாடலின் பிற்பகுதியில் மோர்டோர், கொல்லம் ஆகிய இரு பெயர்கள் வருகின்றன. டோல்கீனின் கதையில் மோர்டோர் என்பது தீய ஆற்றலான சௌரோனின் நாடு. கொல்லம் என்பவன் மந்திர மோதிரத்தின் மீது கொண்ட ஆசையால் சிதைந்துபோன ஓர் உயிர்.

பாடலில் கதைசொல்லி மோர்டோரில் ஓர் அழகிய பெண்ணைச் சந்திக்கிறான். கொல்லம் அவளைக் கவர்ந்து செல்கிறான். இத்தகைய நிகழ்வு எதுவும் நூலில் இல்லை. மோர்டோர் பெண்களைச் சந்திக்கத்தக்க இடமன்று. கொல்லம் விரும்புவது மோதிரத்தை மட்டுமே. இந்த முரணைப் பலர் பாடலாசிரியரின் பிழையாகக் கொள்கின்றனர். வேறு சிலர், பாடலில் வரும் பெண் மோதிரத்தையே குறிக்கிறாள் என்று விளக்குகின்றனர். ஆனால் நூலின் நாயகன் பயணம் செய்வது மோதிரத்தைத் தேடி அடைவதற்காக அன்று, அதனை அழிப்பதற்காகவே. பாடலின் நாயகனோ இழந்ததைத் தேடுகிறான். ஆகவே இவ்விளக்கத்தை ஏற்றால் அவனுடைய நிலை நூலின் நாயகனைவிடக் கொல்லத்தின் நிலைக்கே நெருக்கமானதாகிறது. இப்பாடலைக் காதற்பாடலாகவும், நூலின் பெயர்களை இழப்பைக் குறிக்கும் உருவகங்களாகவும் கொள்வதே எளிய விளக்கமாகும். இது பெயர்க் குறிப்பு வகையைச் சேர்ந்தது.

'மிஸ்டி மவுன்டன் ஹாப்' (1971)

இப்பாடலின் தலைப்பு டோல்கீனின் கதைகளில் வரும் 'மூடுபனி மலைகள்' என்னும் மலைத்தொடரை நினைவூட்டுகிறது. ஆனால் பாடலில் மந்திரவாதிகளோ குள்ளர்களோ இல்லை. பூங்காவொன்றில் தலையில் மலர் சூடிய இளைஞர் கூட்டம், அவர்களிடம் வரும் காவலர் ஆகியவற்றையே பாடல் கூறுகிறது. நகரத்துத் தொல்லைகளை விட்டுச் சென்றடைய விரும்பும் இடமாகவே இறுதியில் மலைகள் குறிப்பிடப்படுகின்றன. இதில் கனவுருப்புனைவு ஒரு கதையாக வராமல், அக்கால இளைஞர்களின் ஏக்கத்தைச் சுட்டும் சொல்லாக வருகிறது.

'த பேட்டில் ஆஃப் எவர்மோர்' (1971)

கலப்புக் குறிப்பு வகைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். இங்கிலாந்தின் ஆம்ப்சயர் மாவட்டத்திலுள்ள ஹெட்லி கிரேஞ்ச் என்னும் பழைய இல்லத்தில் இப்பாடல் உருவானது. குழுவின் மற்றொரு உறுப்பினரான ஜான் பால் ஜோன்சின் மாண்டலினைக் கித்தார்க் கலைஞர் ஜிம்மி பேஜ் எடுத்து வாசித்தபோது இதன் மெட்டு பிறந்தது. நாட்டாரிசைப் பாடகி சாண்டி டென்னி இதில் பிளான்டுடன் இணைந்து பாடினார்.

பாடலில் இருளின் தலைவன், கறுப்பு உடையில் குதிரை மீது வரும் மோதிர ஆவிகள் ஆகியோர் குறிப்பிடப்படுகின்றனர். மோதிர ஆவிகள் என்பது டோல்கீனின் கதைக்கே உரிய சொல் ஆதலால், இக்குறிப்பில் ஐயமில்லை. ஆயினும் பாடலில் வரும் ஆவலோன் என்னும் இடம் ஆர்தர் மன்னன் கதைகளுக்கு உரியது. அமைதியின் இளவரசன் என்பது கிறித்தவ மரபில் இயேசுவைக் குறிக்கும் பட்டம். இப்பாடலை எழுதிய காலத்தில் இசுக்காட்லாந்து எல்லைப் போர்களைப் பற்றிய நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்ததாகப் பிளான்ட் கூறியுள்ளார்.

இரசிகர்கள் சிலர் இப்பாடலை 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நூலில் வரும் பெலன்னோர் சமவெளிப் போரின் மறுகூறலாகக் கொண்டு, பாடலில் வரும் அரசி, இளவரசன் ஆகிய ஒவ்வொருவருக்கும் நூலில் இணையான மாந்தரைத் தேடுகின்றனர். இந்த முயற்சி முழுமையாக வெற்றி பெறுவதில்லை. பல போர்களின் நினைவுகளை ஒன்றாக்கி, என்றும் முடியாத ஒரு போரைக் காட்டுவதே பாடலின் நோக்கம் என்பது அதன் தலைப்பிலிருந்தே தெளிவாகும்.

ரஷ்

கனடாவைச் சேர்ந்த ரஷ் குழுவில் 1974 ஆம் ஆண்டில் டிரம்ஸ் கலைஞராக இணைந்த நீல் பியர்ட், குழுவின் முதன்மைப் பாடலாசிரியராகவும் விளங்கினார். 1975 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபிளை பை நைட்' இசைத்தட்டில் 'ரிவெண்டெல்' என்னும் பாடல் உள்ளது. ரிவெண்டெல் என்பது டோல்கீனின் கதையில் எல்ப் இனத்தவரான எல்ராண்டின் இருப்பிடம். இப்பாடலில் போரோ பயணமோ இல்லை. களைத்தவன் இளைப்பாறும் இடம் ஒன்றின் அமைதியை மட்டும் இது விவரிக்கிறது.

அதே ஆண்டில் வெளிவந்த 'காரெஸ் ஆஃப் ஸ்டீல்' இசைத்தட்டின் 'த நெக்ரோமான்சர்' என்னும் நீண்ட பாடல் மூன்று பகுதிகளைக் கொண்டது. 'த ஹாபிட்' கதையில் நெக்ரோமான்சர் என்று குறிப்பிடப்படுபவனே சௌரோன் என்பது பின்னைய நூலில் தெரியவருகிறது. பாடலில் வில்லோடேல் என்னும் ஊரிலிருந்து மூன்று பயணிகள் வருகின்றனர். இப்பெயர் டோல்கீனின் உலகைச் சேர்ந்தது போல் ஒலித்தாலும், உண்மையில் இது கனடாவின் தொராண்டோ பெருநகரைச் சேர்ந்த ஒரு பகுதியின் பெயர். ரஷ் குழுவின் கெடி லீயும் அலெக்ஸ் லைப்சனும் வளர்ந்த பகுதி அதுவாகும். குழுவின் உறுப்பினர் எண்ணிக்கையும் மூன்று என்பது குறிப்பிடத்தக்கது.

பியர்ட் டோல்கீனுடன் நின்றுவிடவில்லை. 1976 ஆம் ஆண்டில் வெளிவந்த '2112' என்னும் படைப்பு, அய்ன் ராண்டின் 'ஆந்தெம்' என்னும் குறும்புதினத்தின் கதையை ஒத்திருக்கிறது. இசைத்தட்டின் உறையில் ராண்டுக்கு நன்றி தெரிவிக்கப்பட்டுள்ளது. 1977 ஆம் ஆண்டின் 'சனடு' பாடல், ஆங்கிலக் கவிஞர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ் எழுதி 1816 இல் வெளியான 'குப்லா கான்' கவிதையை அடிப்படையாகக் கொண்டது.

பிற எடுத்துக்காட்டுகள்

ஜெபர்சன் ஏர்பிளேன்: கிரேஸ் சிலிக் எழுதிய 'ஒயிட் ராபிட்' (1967) பாடல், லூயிஸ் கரோலின் இரு ஆலிஸ் கதைகளிலிருந்து மாந்தர்களை எடுத்துக்கொள்கிறது. குழந்தைக் கதைகளில் வரும் மந்திரப் பொருட்களையும் அக்காலப் போதைப்பொருள் பழக்கத்தையும் இப்பாடல் இணைத்துப் பார்க்கிறது. தலையை வெட்டும்படி ஆணையிடும் வழக்கம் பாடலில் சிவப்பு அரசிக்கு உரியதாகக் காட்டப்படுகிறது. 1865 இல் வெளியான முதற் கதையில் அவ்வழக்கம் இதயங்களின் அரசிக்கு உரியது. சிவப்பு அரசி 1871 இல் வெளியான இரண்டாம் கதையின் மாந்தர் ஆவாள்.

பிங்க் பிளாய்ட்: இக்குழுவின் முதல் இசைத்தட்டின் (1967) பெயர், கென்னத் கிரகாம் எழுதிய 'த விண்ட் இன் த வில்லோஸ்' (1908) நூலின் ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பாகும். இசைத்தட்டின் பாடல்கள் அந்த அத்தியாயத்தின் கதையைக் கூறுவன அல்ல. எனவே இது தலைப்புக் குறிப்பு ஆகும்.

பிளாக் சபாத்: முதல் இசைத்தட்டில் (1970) உள்ள 'த விசார்ட்' பாடலுக்கு டோல்கீனின் கேண்டால்ப் தூண்டுதலாக இருந்ததாகக் குழுவின் பாடலாசிரியர் கீசர் பட்லர் கூறியுள்ளார். பாடலில் கேண்டால்ப் என்னும் பெயர் வருவதில்லை. அதே இசைத்தட்டிலுள்ள 'பிகைண்ட் த வால் ஆஃப் ஸ்லீப்' என்னும் தலைப்பு, அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராப்டின் சிறுகதைத் தலைப்பொன்றை ஒத்தது.

கேமல்: 1974 ஆம் ஆண்டின் 'மிராஜ்' இசைத்தட்டில் இடம்பெற்ற 'நிம்ரோடெல்' என்று தொடங்கும் மூன்று பகுதிப் பாடல், மீண்டும் தோன்றும் கேண்டால்பை வெள்ளைக் குதிரைவீரனாகக் காட்டுகிறது.

ஹாக்விண்ட், புளூ ஆய்ஸ்டர் கல்ட்: ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் இவ்விரு குழுக்களுக்கும் தாமே பாடல் எழுதினார். ஹாக்விண்டின் 'வாரியர் ஆன் த எட்ஜ் ஆஃப் டைம்' (1975) இசைத்தட்டிலும், புளூ ஆய்ஸ்டர் கல்ட் குழுவின் 'பிளாக் பிளேடு' (1980) பாடலிலும் அவருடைய பங்களிப்பு உள்ளது. பின்னது, எல்ரிக் என்னும் மாந்தரும், உயிர்களைக் குடிக்கும் அவனுடைய வாளும் வரும் கதைகளைச் சார்ந்தது. நூலாசிரியரே பாடலாசிரியர் ஆவதால் இங்கு குறிப்பு உண்டா என்ற கேள்வியே எழுவதில்லை. மூர்காக் டோல்கீனின் படைப்புகளைக் கடுமையாக விமர்சித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. எனவே கனவுருப்புனைவு சார்ந்த ராக் பாடல்கள் அனைத்தையும் டோல்கீனின் தாக்கமாகக் கருதுவது பொருந்தாது.

தவறான பொருள்கோடல்கள்

பொது மூலம்: லெட் செப்பெலினின் 'இம்மிகிரன்ட் சாங்' (1970) வைக்கிங்குகளைப் பற்றியது. அவ்வாண்டில் குழுவினர் ஐசுலாந்துக்குச் சென்று வந்த பின்னர் எழுதப்பட்டது. இதில் காணப்படும் வடநாட்டுத் தொன்மக் கூறுகளை டோல்கீனிடமிருந்து வந்தவையாகக் கருதுவது தவறு. டோல்கீனும் அதே தொன்மங்களிலிருந்தே எடுத்துக்கொண்டார். கேண்டால்ப் என்னும் பெயரும், 'த ஹாபிட்' கதையில் வரும் குள்ளர்கள் பலரின் பெயர்களும் பழைய நோர்சு மொழிக் கவிதையான 'வொலுஸ்பா'வில் உள்ளன. இரண்டு படைப்புகள் ஒத்திருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாகவே இருக்க வேண்டியதில்லை. இரண்டும் மூன்றாவது ஒன்றிலிருந்து பிறந்திருக்கலாம்.

பழமொழித் தொடர்: அதே குழுவின் 'ஓவர் த ஹில்ஸ் அண்ட் ஃபார் அவே' (1973) என்னும் தலைப்பு டோல்கீனின் பயணக் கதைகளைக் குறிப்பதாகச் சிலர் கருதுகின்றனர். ஆனால் இது ஆங்கில நாட்டுப்புறப் பாடல்களில் பல நூற்றாண்டுகளாக வழங்கிவரும் தொடர் ஆகும்.

தற்செயல் ஒலிப்பு: ரஷ் குழுவின் 'பை-டோர் அண்ட் த ஸ்னோ டாக்' (1975) பாடலின் மாந்தர்கள் ஏதோ ஒரு புதினத்திலிருந்து வந்தவர்கள் போல் தோன்றுவர. உண்மையில் அப்பெயர்கள் குழுவின் மேலாளர் வளர்த்த இரு நாய்களை முன்னிட்டு வேடிக்கையாகச் சூட்டப்பட்டவை. கடிக்கும் வழக்கமுடைய நாயே பை-டோர் ஆனது. இப்பாடலில் தீயவனாக வரும் பை-டோர், 'த நெக்ரோமான்சர்' பாடலில் மீட்பனாக வருகிறான்.

மிகைப் பொருள்: 'ஸ்டேர்வே டு ஹெவன்' (1971) பாடலைப் பின்னோக்கி ஒலிக்கச் செய்தால் சாத்தானைப் போற்றும் சொற்கள் கேட்பதாக 1980களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் குற்றஞ்சாட்டப்பட்டது. 1982 ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றக் குழுவொன்றின் முன் அப்பாடல் பின்னோக்கி ஒலிக்கப்பட்டது. இசைக்குழுவினர் இக்குற்றச்சாட்டை மறுத்தனர். எதிர்பார்க்கும் சொற்களை முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒலியைக் கேட்கச் செய்தால், கேட்பவர் அச்சொற்களையே கேட்பர். தேடுபவர் தாம் தேடுவதையே கண்டடைவது இலக்கியக் குறிப்புகளுக்கும் பொருந்தும்.

பொருள்கொள்ளும் முறை

ஒரு பாடலில் இலக்கியக் குறிப்பு உள்ளதா என்பதை அறியப் பின்வரும் கேள்விகள் உதவும்.

* பாடலில் உள்ள சொல் அந்நூலுக்கே உரியதா, அல்லது பொதுவழக்கில் உள்ளதா? மோர்டோர் என்பது முதல் வகை. மந்திரவாதி, இருள், மலை போன்றவை இரண்டாம் வகை.
* பாடல் எழுதப்படும் முன் நூல் வெளிவந்துள்ளதா? டோல்கீனின் 'த சில்மரில்லியன்' 1977 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அதில் மட்டும் வரும் பெயர் எதனையும் 1971 ஆம் ஆண்டுப் பாடலில் தேடுவது பயனற்றது.
* பாடலாசிரியர் அந்நூலைப் படித்ததற்குப் பாடலுக்கு வெளியே சான்று உண்டா? நேர்காணல், இசைத்தட்டு உறையிலுள்ள நன்றியுரை ஆகியவை இத்தகைய சான்றுகள்.
* வேறு எளிய விளக்கம் உண்டா? உண்டெனில் முதலில் அதனையே கருத வேண்டும்.
* குறிப்பை நீக்கிவிட்டால் பாடலின் பொருள் மாறுகிறதா? மாறவில்லை எனில் அது அலங்காரமாகவே வந்துள்ளது எனலாம்.

பாடலாசிரியரின் கூற்று வலுவான சான்று ஆயினும் அதுவே முடிவானதன்று. பல ஆண்டுகள் கழித்து அளிக்கப்படும் நேர்காணல்களில் நினைவுப் பிழைகள் ஏற்படுவதுண்டு. அறிந்து எடுத்தாளப்படாத தாக்கங்களும் உண்டு.

டோல்கீன் தம் நூலின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், மறைபொருள் உருவகக் கதையைத் தாம் விரும்புவதில்லை என்று குறிப்பிட்டார். படைப்பாளி ஒரே பொருளை வாசகர் மீது சுமத்துவதும், வாசகர் தம் அனுபவத்துடன் கதையைப் பொருத்திப் பார்ப்பதும் வெவ்வேறானவை என்றும், இரண்டாவது வாசகரின் உரிமை என்றும் அவர் கருதினார். இவ்வேறுபாடு பாடல்களுக்கும் பொருந்தும். 'ராம்பிள் ஆன்' பாடலில் வரும் பெண்ணை மோதிரமாகக் காண்பதற்கு ஒரு கேட்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் பாடலாசிரியர் அவ்வாறே கருதினார் என்று கூறுவதற்குச் சான்று தேவை.

முக்கியத்துவம்

இக்குறிப்புகள் கேட்பவரை நூல்களிடம் அழைத்துச் சென்றன. இசைத்தட்டின் உறையைக் கையில் வைத்துக்கொண்டு பாடலைக் கேட்ட காலத்தில், தெரியாத பெயர் ஒன்றின் பொருளை அறிய நூலகத்துக்கோ, நண்பரிடமோ செல்ல வேண்டியிருந்தது. பின்னர் இணையத்தில் பாடல்களுக்கான விளக்கங்கள் பெருகியபோது, சான்றுள்ளவையும் ஊகங்களும் ஒன்றாகக் கலந்து பரவின. ஒருவரின் ஊகம் பலமுறை படியெடுக்கப்பட்டு உண்மையெனக் கருதப்படும் நிலையும் ஏற்பட்டது. ஆகையால் இத்துறையில் ஈடுபடும் மாணவர்கள் பாடல், நூல், பாடலாசிரியரின் கூற்று, பிறரின் விளக்கம் ஆகிய நான்கையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்பது இன்றியமையாதது ஆகும்.